உங்கள் மச்சானின் கால் பெருவிரல்

ராயபுரம், சென்னை.
1954 நவம்பர், மழை விட்ட திங்கட்கிழமை.

கர்த்தருடைய ஊழியத்தில் சோர்ந்துபோகாமல் நிலைத்திருக்கிற என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பெரிய அண்ணன் உபதேசியார் அவர்களுக்கு, தங்கை தேவப்பிரியம் தாழ்மையாக ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மச்சானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. உபதேசியாருக்குப் பொய் எழுதலாகாது என்பதால் நான் சுகம், உங்கள் மச்சானும் வலது கால் நீங்கலாகச் சுகம் என்று எழுதுகிறேன். அவ்விடத்தில் அண்ணியும் பிள்ளைகளும் மெஞ்ஞானபுரத்துச் சபையாரும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறேன்.

நிற்க. போன மாதக் கடிதத்தில், உங்கள் மச்சான் ராசையா அவர்கள் எங்கேயோ வேறொரு குடும்பம் வைத்திருக்கிறார்கள் என்றும், நீங்கள் சபை மூப்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உடனே ரயிலேறி வந்து, வேதப்புத்தகத்தின்மேல் கைவைக்கச் சொல்லி விசாரிக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தேன். நீங்களும் புறப்படுகிறோம் என்று பதில் போட்டீர்கள். அண்ணா, பெட்டி கட்டியிருந்தால் தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். மூப்பரிடம் ஏதாவது நல்ல காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குடும்பம் என்று நான் எழுதியது குடும்பம் இல்லை. ஆனால் நான் சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பீர்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னே, தூத்துக்குடியிலிருந்து கருப்பட்டி ஏற்றி வந்த தோணிக்காரர்களுக்கு உங்கள் மச்சானின் மண்டியில் கறி விருந்து வைத்தார்கள். மறுநாள் விடியக்காலம் பார்த்தால் இவியளுக்கு வலது கால் பெருவிரல் அடிக்கணுவில் செவ்வாழைப்பழம் மாதிரி சிவந்து வீங்கியிருக்கு. வேட்டி நுனி பட்டால் அலறல், ஈ உட்கார்ந்தால் அலறல். என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கு, கருப்பட்டிச் சிப்பம் கால்மேல விழுந்துட்டுன்னு சொன்னாவ. நானும் பாவம்னு ஒத்தடம் கொடுத்தேன். ஒரு வாரம் போல ஆச்சு, வீக்கம் இருந்த இடம் தெரியல. புதுமாப்பிள்ளை கணக்கா கோயிலுக்கு நடந்து போறாவ. எனக்கு அப்பவே மனசுல ஒரு புழு ஊர ஆரம்பிச்சிட்டு. சிப்பம் விழுந்த விரல்ல நகம் கூடக் கறுக்கலியே, அது எப்படி? மண்டியில மூட்டை ஏத்துற ஜெயவேலுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணாச்சி நின்ன பக்கம் எந்தச் சிப்பமும் விழலியேம்மா"ன்னுட்டான். அண்ணா, வலி நிஜம்னா காரணம் ஏன் பொய்யா இருக்கணும்? அடுத்த தடவை விரல் வீங்கினப்போ கோயில்ல யாரோ மிதிச்சிட்டாவன்னாவ. நான் பெண்கள் வரிசையிலயிருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன், பிரசங்கத்தைக்கூடக் கவனிக்கல, யாரும் மிதிக்கல. அதுக்கடுத்த தடவை கட்டில் காலில் இடிச்சிட்டேன்னாவ. சரின்னு கட்டிலைச் சுத்தி அரிசிமாவு தூவி வச்சேன். மறுபடி விரல் வீங்குச்சு, மாவு கலையல. நோயின்னா நோய் மாதிரி வந்து படுக்க வைக்கணும், இல்லாட்டி விட்டுப் போகணும். இது விருந்தாளி மாதிரி வருது, ஒரு வாரம் தங்குது, சொல்லாமப் போயிடுது, மாசக்கணக்கா ஆளைக் காணோம், மறுபடி வந்து நிக்குது. அப்படிப்பட்ட நோயை எந்தப் பொம்பளை நம்புவா?

எதிர்வீட்டு அஜீசுன்னிசா அம்மாகிட்ட மனசைக் கொட்டினேன். நல்ல மனுஷி, பொய் பேச மாட்டாவ. "எங்க குப்பு, அதான் அத்தை, அவங்க புருஷனும் இப்படித்தான் முட்டி நோவுதுன்னு ஹக்கீம் வூட்டுக்குப் போய்கினே இருந்தாரு. ஒரு நாளு நோவு சுத்தமாப் போயிடுச்சு. அதே ஹக்கீமோட தங்கச்சிய நிக்காஹ் பண்ணி வூட்டுக்கு இட்டுகினு வந்துட்டாரு"ன்னாவ. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இன்னொண்ணு நடந்துச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆட்டு ஈரல் வறுத்து வச்சேன். இவிய இலையில விழுந்ததைப் பார்த்துட்டு, கையால ஒதுக்கி, "எனக்கு ஈரல் வேண்டாம்"ன்னாவ. அண்ணா, உங்க மச்சானைப் பத்தி உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்னைக்கு உங்க இலையிலயிருந்து ஈரலை எடுத்துத் தின்ன மனுஷர். வேண்டாம்னா என்ன அர்த்தம்? "எங்க சாப்பிட்டிய?"ன்னு கேட்டேன். "எங்கயும் சாப்பிடல"ன்னாவ. "எவ வீட்டுல சாப்பிட்டிய?"ன்னு கேட்டேன். ஒதுக்கி வச்சதை இழுத்து, ஒரு துண்டு விடாமத் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. அதுக்கப்புறம் ஒரு நாளும் எதையும் வேண்டாம்னு சொன்னதில்ல. நானும் விடல. எவளோ ஒருத்தி சமைச்சுப் போட்டு இவியளை மயக்குறா, அவ கைப்பக்குவம் நம்ம கைப்பக்குவத்துகிட்ட நிக்கக்கூடாதுன்னு வைராக்கியம் வந்துட்டு. ஒரு நாள் ஈரல், ஒரு நாள் மண்ணீரல் சுவரொட்டி, ஒரு நாள் குண்டிக்காய், காசிமேட்டுல படகு வந்தா சாளை மீன், படகு வராட்டா நெத்திலிக் கருவாடு, ராத்திரிக்கு ஆட்டுக்கால் சூப்பு, அது மேல கருப்பட்டிப் பாகு. சந்தேகம் கூடக் கூட சட்டியும் பெருசாச்சு. இவியளும் தலை நிமிராமத் தின்னாவ. காலும் முன்ன மாதிரி இல்ல. முன்ன வருஷத்துக்கு ஒரு தடவை நொண்டுனவிய மாசத்துக்கு ஒரு தடவை நொண்டுனாவ. விரல் ஒரு பக்கமாக் கோணிக்கிட்டு, கணுவில் புன்னைக்காய் மாதிரி ஒரு முண்டு கிளம்புச்சு. "அது என்ன முண்டு?"ன்னா, "வயசாகுதுல்லா"ன்னாவ. வயசு ஆளு முழுக்க ஆகுமா, ஒரு விரலுக்கு மட்டும் ஆகுமா?

கடைசியா, சனிக்கிழமை மத்தியானம் மண்டியைச் சாத்திட்டு எங்கயோ போக ஆரம்பிச்சாவ. போகும்போது நொண்டிக்கிட்டுப் போறாவ, வரும்போது கொஞ்சம் நல்லா நடந்து வாராவ. சட்டையை மோந்து பார்த்தேன். செண்டு வாசனை இல்ல, மல்லிகைப்பூ வாசனை இல்ல, ஆஸ்பத்திரியில தரை கழுவுற மருந்து வாசனை. மத்தவளா இருந்தா இதோட நிம்மதியாத் தூங்கியிருப்பா. எனக்கு அதுதான் பெரிய சந்தேகமாப் போச்சு. செண்டு வாசனையை மறைக்க மருந்தைப் பூசிக்கிட்டு வர்ற அளவுக்குக் கெட்டிக்காரி யாரோ ஒருத்தி இருக்கான்னு முடிவு பண்ணித்தான் போன மாசம் உங்களுக்கு எழுதினேன்.

நீங்க வர்றதுக்குள்ள ஆளைக் கண்டுபிடிச்சு வச்சிடணும்னு, அடுத்த சனிக்கிழமை ரிக்‌ஷாக்கார அப்பாவுவைப் பிடிச்சேன். சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்து விட்டுக்கிட்டு, முன்னால நொண்டிக்கிட்டுப் போறவர் பின்னாலயே போகணும், ஆனா முந்தக்கூடாதுன்னு சொன்னேன். அண்ணா, நொண்டுற மனுஷன் பின்னால ரிக்‌ஷாவில போறது எவ்வளவு கஷ்டம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். அப்பாவு நாலடி இழுத்தா இவியளை இடிக்கிற மாதிரி வந்துடுது. உடனே நிறுத்தணும். திரும்ப இழுக்கணும், திரும்ப நிறுத்தணும். அவனுக்கு ஆத்திரம் வந்துட்டு. "இன்னாம்மா பேஜாரு இது! ஓடுறவன் பின்னால வேணா ஓடலாம், நொண்டிகினு போறவர் பின்னால எப்டிமா இஸ்துகினு போறது? எனக்கே காலு சுளுக்கிக்கும் போலக் கீது"ன்னான். பேசாம வாய்யான்னேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை மூடிட்டாங்க. சரக்கு வண்டி ஒண்ணு முடிவே இல்லாமப் போகுது. இவிய கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, வலது காலைத் தரையில வைக்காம, ஒத்தைக் காலில் நின்னாவ. நாங்க பின்னாலயே நிக்கிறோம். அப்பாவு குனிஞ்சு மெதுவாச் சொல்றான், "அம்மா, அந்த நைனாவப் பார்த்தா பாவமாக் கீது. அவரையும் நம்ப வண்டியிலயே ஏத்திகினா இன்னா? நீயும் தொரத்துன மாதிரி இருக்கும், அவருக்கும் காலு நோவாது." அவனை ஒரு முறை முறைச்சேன், வாயை மூடிக்கிட்டான்.

கேட்டைத் தாண்டி, கூட்ஸ் யார்டு ஓரமா ஒரு சந்து. ஓட்டு வீடு. இவிய உள்ள போனாவ. நான் கொஞ்சம் பொறுத்து, கதவு இடுக்கால பார்த்தேன். அண்ணா, நான் என்னன்னு எழுதுவேன். உங்க மச்சான் நாற்காலியில சாய்ஞ்சு கண்ணை மூடியிருக்காவ, அந்த வலது காலு ஒரு பொம்பளை மடியில இருக்கு. அவ அதைக் குனிஞ்சு தடவிக்கிட்டிருக்கா. கதவை உதைச்சிட்டு உள்ள போயிட்டேன். "இதுக்குத்தானா! இதுக்குத்தானா!"ன்னு கத்துறேன். அந்தப் பொம்பளை நிமிர்ந்து பார்த்தா. தலை முழுக்க நரை, மூக்குல தடிக்கண்ணாடி, என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவ. கொஞ்சங்கூடப் பதறாம, "கதவைச் சாத்துங்க, ஈ வரும்"ன்னா.

பேரு எல்சி. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ஓய்வு பெத்தவங்க. கால் வீங்க ஆரம்பிச்ச காலத்துலயே இவிய ஒரு தடவை அவங்ககிட்டதான் காட்டியிருக்காவ. விரல்ல இருந்த முண்டு வெடிச்சிருக்கு, அதைக் கழுவித் துணி கட்டிக்கிட்டிருந்தாங்க. அவங்க பக்கத்துல இருந்த கிண்ணத்துல வெள்ளை வெளேர்னு களி மாதிரி ஏதோ கிடக்கு. நான் விடுவேனா? "வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பைப் புண்ணுமேல அப்பிட்டு வைத்தியம்னு ஏமாத்துறீங்களா?"ன்னேன். "அம்மா, இது நான் வச்சதில்ல. இவர் காலுக்குள்ளேருந்து வந்தது"ன்னு சொல்லி, விரலை லேசா அமுக்கிக் காட்டினாங்க. பல்பொடி குழைச்ச மாதிரி உள்ளேருந்து வந்துச்சு. அப்படியே உட்கார்ந்துட்டேன். அப்புறம் அந்த அம்மா இவியளைப் பார்த்துச் சத்தம் போட்டாங்க. "ராசையா, வர்றப்போ எல்லாம் சொல்றேன், ஈரலைத் தொடாதீங்க, குண்டிக்காயைத் தொடாதீங்க, நெத்திலியைத் தொடாதீங்கன்னு. கேட்டீங்களா? நீங்கதான் திங்குறீங்கன்னா, உங்க வீட்ல சமைச்சுப் போடறது யாரு? அது மனுஷியா, கொலைகாரியா?" இவிய கூரை ஓட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. நான்தான் மெதுவா, "அவிய வீட்ல சமைக்கிறது நான்தாங்க"ன்னேன். எல்சியம்மா கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சாங்க. "அப்போ நீங்களும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. கட்டுப் போடறதோட என் வேலை முடிஞ்சுபோச்சு, உள்ள எலும்பு என்ன ஆயிருக்குன்னு படம் எடுத்துத்தான் பார்க்கணும்"ன்னாங்க.

பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "இது கவுட்"ன்னார். "யாரு கவுத்தா?"ன்னு கேட்டேன். "யாரும் கவுக்கலம்மா, வியாதி பேரே அதுதான்"ன்னார். படத்துல, பெருவிரல் கணுவில, எலும்பை எலி கடிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு. ஓரம் கொக்கி மாதிரி வளைஞ்சு நிக்குது. எனக்கு உடனே பட்டது, இது வேற யாரோட காலோ, மாத்திக் கொடுத்திட்டாங்கன்னு. "இந்த மனுஷன் காலில் நான் ரத்தம் பாத்ததில்ல, அடி பாத்ததில்ல. இவிய எலும்பை எவன் வந்து கடிச்சிட்டுப் போனான்? எல்லார் எலும்பும் படத்துல இப்படித்தான் தெரியுமோ என்னமோ. என் காலையும் ஒரு படம் எடுங்க, வச்சுப் பார்ப்போம்"ன்னேன். டாக்டர் மாட்டேன்னார். நான் நகரல. எனக்குப் பின்னால வரிசையில நின்னவங்க எல்லாரும் "எடுத்துத் தொலைங்க சார், பொழுது போவுது"ன்னு கூச்சல் போட்டதுல, பாவம், எடுத்துட்டார்.

ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சார். என் விரல் எலும்பு கடைஞ்செடுத்த மாதிரி முழுசா இருந்துச்சு. பக்கத்துல இவிய எலும்பு. டாக்டர் பொறுமையாச் சொன்னார். எல்லார் ரத்தத்துலயும் ஒரு உப்பு உண்டாம். ஈரல், குண்டிக்காய், நெத்திலி மாதிரிச் சாப்பாட்டுல அது கூடுமாம். சில பேர் உடம்புல அது சிறுநீர்ல சரியா வெளியேறாம ரத்தத்துல தேங்குமாம். தேங்கினது ஊசி ஊசியாக் கட்டிப்போய் மூட்டுக்குள்ள இறங்குமாம், முக்கியமாப் பெருவிரல் கணுவில. இறங்கின உப்பைப் பாத்து உடம்பு சண்டைக்கு நிக்கிறப்போதான் வீக்கமும் வலியும். "வலி ஒரு வாரத்துல போயிடுதே டாக்டர், அதான் பெருசா எடுத்துக்கல"ன்னு உங்க மச்சான் சொன்னாவ. "வலிதான் போகுது, உப்பு போகல. நீங்க நல்லா நடக்கிற நாளிலயும் அது உள்ளதான் இருக்கு. வருஷக்கணக்காச் சேர்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகி, எலும்பு ஓரத்துல உட்கார்ந்துடும். அது உட்கார்ந்த இடத்துல உங்க உடம்பே உங்க எலும்பை அரிக்கும். சத்தமே இல்லாம நடக்கும்"ன்னார். அரிச்ச எலும்பு திரும்ப வளருமான்னு கேட்டேன். "போனது போனதுதான். கோணின விரல் நேராகாது. இனிமே அரிக்காமப் பார்த்துக்கலாம். உப்பைச் சிறுநீர்ல வெளியேத்துறதுக்குப் புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கு, வருஷக்கணக்கா விடாமப் போடணும், நிறையத் தண்ணி குடிக்கணும்"ன்னார். நாலு வருஷம் முந்தி வந்திருந்தா இந்த விரல் அப்படியே இருந்திருக்கும்னும் சொன்னார். அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவு வண்டியிலதான் ரெண்டு பேரும் வந்தோம். ராயபுரம் பாலம் ஏறுறப்போ கேட்டேன், "ஈரல் ஆகாதுன்னு எல்சியம்மா முதல்லயே சொல்லியிருக்காங்களே, என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு. இவிய துறைமுகத்துக் கிரேனைப் பாத்துக்கிட்டே, "ஒரு நாள் வேண்டாம்னு சொன்னேன். எங்க சாப்பிட்டிய, எவ வீட்டுல சாப்பிட்டியன்னு கேட்ட. ஒரு வாரம் பேசாம அழுதுக்கிட்டுக் கிடந்த. கால்வலியும் ஒரு வாரம்தான். ரெண்டையும் வச்சுப் பார்த்தேன். கால்வலியைத் தாங்கிக்கலாம்னு பட்டுச்சு, தின்னுட்டேன்"ன்னாவ. கோபமாச் சொல்லல, அண்ணா. அரிசி விலை சொல்ற மாதிரிச் சொன்னாவ. நான் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதேன். அப்பாவு திரும்பிப் பார்த்துட்டு, "அழுவாதம்மா. நானும் மெதுவாவே இஸ்துகினு போறேன்"ன்னான்.

இப்போ வீட்ல சுரைக்காய், புடலங்காய், மோர், கேழ்வரகுக் கஞ்சி. ஈரல் வறுக்கிற சட்டியைத் தூக்கி அஜீசுன்னிசா அம்மாகிட்டக் கொடுத்துட்டேன். மணிக்கொரு தரம் சொம்பு நிறையத் தண்ணி நீட்டுறேன், இவியளும் குடிக்கிறாவ. புதுசா விரல் வீங்கல, புண்ணு காய்ஞ்சிட்டு வருது. ஆனா நடை நடைதான். கைத்தடி ஊன்றித்தான் மண்டிக்குப் போறாவ. வாசல்ல அந்தத் தடிச் சத்தம் கேக்குறப்போ எல்லாம் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ இடறுது.

ஆகையால் அண்ணா, சந்தேகம் என்கிற பிசாசு என்னை விட்டு அடியோடு நீங்கிவிட்டது என்று இதன்மூலம் சபையறிய எழுதிக்கொடுக்கிறேன். இனி உங்கள் மச்சான் எங்கே போனாலும் எங்கே என்று கேட்கமாட்டேன். வேறு யாரையும் சந்தேகப்படவும் மாட்டேன். சனிக்கிழமை கட்டுப் போட நானும் கூடப் போகிறேன், அது துணைக்குத்தான். எல்சியம்மாவின் புருஷன் இறந்தது எப்படி என்று சும்மா ஒரு பேச்சுக்கு விசாரித்தேன், அவ்வளவுதான். தாங்கள் வயதான காலத்தில் ரயிலில் இடிபட்டு இவ்வளவு தூரம் வரவேண்டாம். என் முந்தின கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். அண்ணி பார்த்திருந்தால், தேவப்பிரியத்துக்குக் காய்ச்சல், பிதற்றி எழுதிவிட்டாள் என்று சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். மூப்பருக்கு ஸ்தோத்திரம். உங்கள் ஜெபத்தில் எங்களையும், முக்கியமாக அந்த ஒரு விரலையும், மறவாமல் நினைத்துக்கொள்ளுங்கள். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டுக் கூரையின்கீழ் என்றும் தங்கியிருப்பாராக.

இப்படிக்கு,
தங்களுக்குக் கீழ்ப்படிந்த தங்கை,
தேவப்பிரியம் ராசையா

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தபால்காரர் தங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் அசன விருந்து முடிந்த மறுநாள் காலையில் இடது கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டபடியால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்திருப்பதாகவும், புதுச்செருப்பு கடித்ததுதான் காரணம் என்றும், கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணா, செருப்பு கடித்தால் தோல் உரியும். கணு வீங்காது. அசனத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், ஈரல் எத்தனை கரண்டி விழுந்தது, இதற்கு முன் எத்தனை தடவை இப்படி வீங்கியது, அப்போதெல்லாம் அண்ணியிடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தாகவேண்டும். அண்ணிக்குத் தனியாக விவரமாக எழுதி இதே தபாலில் சேர்த்திருக்கிறேன், அவர்கள் கேட்கிறதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வண்டிக்கு நானும் உங்கள் மச்சானும் புறப்படுகிறோம். அந்தச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் பார்க்கவேண்டும்.